நீட்டு மடக்கு டாக்டரும் மண்டியிடாத அத்தையும்

உகாண்டாவில், மாசாக்காவுக்கு மேற்கே உள்ள எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் புரோஸ்கோவியா நான்சிகொம்பிக்குக் கொடுத்த பதவி பிசியோதெரபிஸ்ட். அந்தச் சொல்லை எங்கள் சந்தைப் பெண்கள் சொல்லி முடிப்பதற்குள் கழுத்து வலியோடு நாக்கும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். கையை நீட்டு, காலை மடக்கு என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு அவர்களே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: நீட்டு மடக்கு டாக்டர். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. போனை எடுத்தால் அவளே "நீட்டு மடக்கு டாக்டர்தான் பேசறேன்" என்கிறாளாம்.

சுற்றுவட்டாரத்துக்கே அவள் ஒருத்திதான். பழைய எக்ஸ்ரே அறையில் இரண்டு கட்டில், ஒரு பாய், சுவரில் ஒரு நீளக் கண்ணாடி, வாசலில் ஒரு பெஞ்சு. வாழைக்குலை தூக்கி இடுப்பு பிடித்தவர்கள், தலைச்சுமையில் கழுத்து இறுகியவர்கள், குழியும் மேடுமான சாலையில் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டி முதுகு நொந்தவர்கள் எல்லாரும் அந்த பெஞ்சில்தான். உட்கார முடியாதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

கம்பாலாவில் படித்த காலத்தில் ஒரு விஷயம் அவள் மனசில் ஆணி அடித்த மாதிரி இறங்கியிருந்தது. வலி எவ்வளவு, அது வாழ்க்கையில் எதையெல்லாம் கெடுக்கிறது என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். வைத்தியர் ஊகிக்கக் கூடாது. "படம் எடுத்தா எலும்பு தெரியும். எலும்புக்குச் சொந்தக்காரி எப்படி இருக்கான்னு தெரியாது" என்று வருகிற போகிற டாக்டர்களிடமெல்லாம் சொல்வாள். அதற்காகவே ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தாள். தூங்க முடிகிறதா, உட்கார முடிகிறதா, நடக்க, தூக்க, வேலை செய்ய முடிகிறதா, ஒவ்வொன்றும் எவ்வளவு சிரமம். எங்கோ குளிர்தேசத்தில் எழுதி, எங்கள் லுகாண்டாவுக்கு மொழிபெயர்த்தது. அவளே வாசித்துக் கேட்டு, எண்களைக் கூட்டி, மேலே வட்டம் போடுவாள். கூட்டம் அதிகமானதால் ஒரு விதியும் போட்டாள்: எண் பெரிதாக இருந்தால் வாராவாரம் வரலாம், சிறிதாக இருந்தால் ஒரே ஒரு பாடம், பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சிபாரிசு இல்லை, தெரிந்தவர் தெரியாதவர் இல்லை. அந்த நியாயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வந்தவர்களின் எண்ணெல்லாம் சிறிதாகவே வந்தது. வெளிநாட்டுக் கட்டுரைகளில் போட்டிருப்பதில் பாதிகூட இல்லை. அதைப் பார்த்து அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. "நம்ம ஜனம் இரும்பு" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவளுக்குச் சறுக்கியது இங்கேதான்.

ரெஸ்டிட்டூட்டா நபோசா அந்த அறைக்கு வந்தது மழை ஓய்ந்த ஒரு காலையில். சந்தையில் மாத்தோக்கே, அதுதான் எங்கள் சமையல் வாழை, குலைகுலையாக விற்கிறவள். ஐம்பதைத் தாண்டியவள். ஊருக்கே ரெஸ்டி அத்தை. கதவைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தாள், கட்டிலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"ராத்திரி எப்படிம்மா தூங்கினீங்க?" என்றாள் புரோஸ்கோவியா.

"நல்லாத் தூங்கினேம்மா. நீ?"

"நல்லா. வீட்ல எல்லாரும்?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. உன் வேலைக்கு நன்றிம்மா."

"உங்க வேலைக்கும் நன்றி. சந்தை எப்படி?"

"நல்லா."

எங்கள் பக்கத்தில் நலம் விசாரிப்பு இப்படித்தான். வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் வந்தவரிடம் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் கொண்டுவா என்று கத்துவோம். அதே குரலில், அதே மூச்சில், புரோஸ்கோவியா தாளை எடுத்தாள்.

"உக்கார முடியுதா?"

"நல்லா."

"நடக்க?"

"கடவுள் புண்ணியத்துல நல்லா."

"கனம் தூக்க?"

"தூக்கிட்டுத்தானே இருக்கோம்மா. நன்றி."

குனியச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். வாசலில் பெஞ்சு நிரம்பி வழிந்தது. எண் சிறிதாக வந்தது. புரோஸ்கோவியா ஒரு பாடம் சொல்லிக் கொடுத்து, இனி வரத் தேவையில்லை என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தாள். ரெஸ்டி அத்தையும் சிரித்த முகத்தோடு, கதவைப் பிடித்துக்கொண்டே போனாள்.

சில வாரம் கழித்து சனிக்கிழமை சந்தையில் புரோஸ்கோவியா நிலக்கடலை வாங்கிக்கொண்டிருந்தாள். கடலைக்காரி கௌடென்சியாவுக்கு ரெஸ்டி அத்தை பக்கத்துக் கடை. அந்த நேரம் பங்குச் சாமியார் அந்த வழியே வந்தார். வரிசையாக இருந்த கடைப் பெண்கள் எழுந்து வந்து, மண்டியிட்டு வணக்கம் சொன்னார்கள்; கௌடென்சியா கடலை அளக்கிற கையை விடாமல் இருந்த இடத்திலிருந்தே தலையைத் தாழ்த்தினாள். எங்கள் பெண்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. பெரியவர்களைக் கண்டால் முழங்கால் தானாக மண்ணைத் தொடும். ரெஸ்டி அத்தையோ குலைகளுக்குப் பின்னால் திரும்பி, எதையோ தேடுகிறவள் போல நின்றாள். சாமியார் கடந்து போகிற வரைக்கும் தேடினாள்.

"பாத்தீங்களா டாக்டரம்மா?" கௌடென்சியா குரலைத் தாழ்த்தினாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்திருந்தது. "பணம் வந்ததும் முழங்கால் மடங்க மாட்டேங்குது. சாமியாருக்கே இல்ல. அவ அண்ணன் போசாவுக்கும் இல்ல. அவர் மக டோரினுக்கு குவாஞ்சுலா வருது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால மண்டி போட மாட்டாத அத்தையை வச்சுக்கிட்டு நான் தலைகுனியணுமான்னு போசா கேட்டுட்டாரு. சித்தப்பா மக ஃபெடரெசிதான் அத்தையா நிக்கப் போறாளாம்." குவாஞ்சுலா என்றால் மாப்பிள்ளை வீட்டார் வந்து முறைப்படி பெண் கேட்கும் சடங்கு; அவர்களை வரவேற்றுப் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து வருவது அவள் அத்தை.

"அத்தையா யார் வேணா நிக்கலாமா?" என்றாள் புரோஸ்கோவியா.

"நிக்கலாம். ஆனா சின்னதுலேர்ந்து டோரினை வளத்தது இவ. திமிர் பிடிச்சா இதான் கதி."

புரோஸ்கோவியாவுக்குக் கையில் இருந்த கடலைப் பொட்டலம் கனத்தது. அவளும் கோமசி என்ற எங்கள் நீள அங்கியை உடுத்தி மண்டியிட்டு வளர்ந்தவள்தானே? குலைகளுக்குப் பின்னால் திரும்பி நின்ற அந்த முதுகில் திமிர் இல்லை என்பதும், இடது கை மேசை விளிம்பை எப்படி இறுக்கிப் பிடித்திருந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. நன்றாக, நன்றாக என்று அந்த அம்மாள் சொன்னது பதில் இல்லை, மரியாதை. இவள் அந்த மரியாதையைக் கூட்டிப் பார்த்து வட்டம் போட்டிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. நேராக மாத்தோக்கே கடைக்குப் போனாள்.

"அத்தை, திங்கட்கிழமை வாங்க. நான் தப்பாக் கேட்டுட்டேன்."

திங்கட்கிழமை ரெஸ்டி அத்தை வந்தாள். புரோஸ்கோவியா நலம் விசாரிப்பை ஒன்று விடாமல் முடித்தாள். வீடு, பிள்ளைகள், சந்தை, மழை எல்லாம் நன்றாக இருந்தன. பிறகு தாளை எடுக்காமல் எழுந்து வெளியே போய், இரண்டு கோப்பை தேநீரோடு திரும்பி வந்து, பாயில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வணக்கம் சொல்லி முடிச்சாச்சு அத்தை. இனிமே நாம புறம் பேசப் போறோம்."

"யாரைப் பத்தி?"

"உங்க இடுப்பைப் பத்தி. அது உங்க நாத்தனார்னு வச்சுக்கோங்க. வீட்டுக்கு வந்து உக்காந்துகிட்டுப் போக மாட்டேங்குறா. அவ என்னென்ன பண்றா? சொல்லுங்க. மரியாதை வேண்டாம்."

ரெஸ்டி அத்தை தேநீரை ஒரு வாய் குடித்தாள். பிறகு ஆரம்பித்தாள். அம்மாடி! புறம் பேசுவதில் எங்கள் ஆட்களை மிஞ்ச இன்னொரு ஜனம் பிறந்து வர வேண்டும். அந்தச் சிறுக்கி ராத்திரி திரும்பிப் படுக்க விட மாட்டேங்கிறாள், விடியக்காலையில் எழுந்தால் கிழவி மாதிரி சுவரைப் பிடித்து நடக்க வைக்கிறாள், வாடகை வண்டியில் ஏறினால் பள்ளத்துக்குப் பள்ளம் குத்துகிறாள், குலையைத் தூக்கினால் காலில் மின்சாரம் விடுகிறாள். புரோஸ்கோவியா தாளை மடியில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே போனாள். இரும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. முன்பு ஒற்றை இலக்கத்தில் நின்ற எண் இப்போது பக்கத்தின் மேலே கொழுத்துப்போய் உட்கார்ந்தது.

"இந்தத் தாள்ல நான் கேக்காதது ஏதாவது அவ பண்றாளா?"

அத்தை தேநீரைக் கீழே வைத்தாள். குரல் இறங்கியது. "மண்டி போட்டா எழுந்திரிக்க விட மாட்டேங்குறா."

தாளில் அந்தக் கேள்வியே இல்லை. குளிர்தேசத்தில் யாருக்கு முழங்கால் மண்ணைத் தொடுகிறது? காலுறை போட முடிகிறதா என்று கேட்டிருந்தார்கள். மாத்தோக்கே விற்கிறவள் காலுறையைக் கண்டாளா!

"அண்ணன்கிட்ட சொல்லலாமே அத்தை? வலின்னு தெரிஞ்சா ஊர் இப்படிப் பேசாதே."

"எது, இடுப்பு போச்சுன்னு சொல்றதா?" ரெஸ்டி அத்தைக்கு வலியிலும் சிரிப்பு வந்தது. "நீயும் நம்ம ஊர்ப் பொண்ணுதானே. கல்யாணப் பொண்ணுக்குக் கட்டில் விஷயம் வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கிறது யாரு? அத்தை. இடுப்பு போன அத்தைகிட்ட அவ என்னத்தைக் கத்துக்கப் போறா? திமிர் பிடிச்சவன்னு சொல்லட்டும். அதுக்காவது ஒரு கெத்து இருக்கு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "டோரினைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது நானா இருக்கணும்மா. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

புரோஸ்கோவியா பேனாவை எடுத்துத் தாளின் அடியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: மண்டியிட்டு, வணக்கம் முடியும் வரை இருந்து, எழ முடிகிறதா. பிறகு மூலையில் தண்ணீருக்கு வைத்திருந்த மஞ்சள் ஜெரிகேனைக் காட்டினாள். "காலின்னா பூஜ்யம். வழிய வழிய நிரம்பிச்சுன்னா பத்து. எவ்வளவு கஷ்டம்?"

"மூடி போட முடியாது" என்றாள் அத்தை.

பள்ளி விடுமுறையில் குவாஞ்சுலா. அதற்குள் முடியுமா என்று புரோஸ்கோவியாவுக்கே நிச்சயம் இல்லை. முடியும் என்று அவள் வாக்கும் கொடுக்கவில்லை. முதலில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. பிறகு முக்காலி. பிறகு மடித்துப் போட்ட பாய்களின் மேல் மண்டியிடுவது. தேறத் தேற ஒவ்வொரு பாயாக உருவிவிடுவது. குலையைத் தூரத்தில் பிடிக்காமல் உடம்போடு அணைத்துத் தூக்குவது. வீட்டிலும் சந்தையிலும் செய்ய வேண்டியது தனி. ஒவ்வொரு வாரமும் தேநீர், புறம் பேச்சு, ஜெரிகேன்.

மூன்றாவது வாரம் அத்தை ஜெரிகேனில் பாதிக்கும் கீழே விரலை வைத்தாள். புரோஸ்கோவியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பாயிலிருந்து எழும்போது அத்தையின் உதடு வெளுத்ததைப் பார்த்துவிட்டாள்.

"அத்தை, நிஜமா எவ்வளவு?"

"நீ இவ்வளவு பாடுபடுற. குறையலன்னு எப்படிம்மா சொல்றது? உனக்கும் ஒரு சந்தோஷம் வேண்டாமா?"

"எனக்குப் பரிசு குடுக்கணும்னா ஒரு சீப்பு வாழை குடுங்க!" என்று புரோஸ்கோவியா நிஜமாகவே கத்திவிட்டாள். "எண்ணைப் பரிசாக் குடுக்காதீங்க. நீங்க குறைச்சுச் சொன்னா நான் பாயை உருவுவேன். பாயை உருவினா யார் விழுவா? நானா?"

அத்தை விரலை மேலே நகர்த்தினாள். முக்கால்வாசிக்கு. அன்றைக்குத்தான் இருவருக்கும் நடுவில் கடைசி உபசாரமும் ஒழிந்தது. உருவிய பாயைத் திரும்பப் போட்டார்கள். அதன் பிறகு இறங்கிய எண் சொல்லில் மட்டும் இல்லாமல் காலிலும் தெரிய ஆரம்பித்தது. நடுவில் ஒரு லாரிக்காரன் அவசரப்படுத்தி, ரெஸ்டி அத்தை இரண்டு குலையைச் சேர்த்துத் தூக்கிவிட்டு மறுபடி ஜெரிகேனை நிரப்பிக்கொண்டு வந்தாள்; அந்த வாரம் புரோஸ்கோவியா லாரிக்காரனைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

இதற்கிடையில் முன்பு ஒரே பாடத்தோடு அனுப்பிவைத்தவர்களையெல்லாம் அவள் ஆள் விட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். எல்லாரையும் புறம் பேச வைத்தாள். பெஞ்சு போதாமல் இன்னொரு பெஞ்சு கேட்டாள். கிடைக்கவில்லை, சண்டை போட்டு வாங்கினாள்.

குவாஞ்சுலாவுக்கு முந்தைய ஞாயிறு, ரெஸ்டி அத்தை அண்ணன் போசாவின் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் வெறும் தரையில் மண்டியிட்டாள். வணக்கம் சொன்னாள். அண்ணன் பதில் சொல்லி முடிக்கும் வரை இருந்தாள். கையை ஊன்றாமல் எழுந்தாள். போசா வீட்டுக்குள் பார்த்து, "ஃபெடரெசிக்குத் தைக்கக் குடுத்த கோமசியை நிறுத்தச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற ஒன்றை அந்த வீட்டு ஆண்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

குவாஞ்சுலா அன்று முற்றத்தில் இரண்டு பந்தல். ஒன்றில் பெண்வீட்டார், எதிரில் மாப்பிள்ளை வீட்டார், நடுவில் பாய் விரித்த வெளி. அழைப்பின் பேரில் வந்திருந்த புரோஸ்கோவியாவுக்குக் கிடைத்த நாற்காலி, வேறு எங்கே, கௌடென்சியாவுக்குப் பக்கத்தில்.

"பாப்போம், இன்னிக்காவது மடங்குதான்னு" என்றாள் கௌடென்சியா.

ரெஸ்டி அத்தை ஊதா நிறக் கோமசியில் வெளியே வந்தாள். நடந்து போய், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், சிரமம் முகத்தில் தெரியாமல், மண்டியிட்டாள்.

"வாங்க ஐயாமார்களே, வாங்க அம்மாமார்களே. வழியில எல்லாரும் சுகமா?"

பதில் சொல்லவேண்டியது மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர். அவர் மைக் கையில் கிடைத்தால் பிரசவ வலிக்காரியைக்கூடக் காத்திருக்கச் சொல்லும் ரகம். சுகம் என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல், வழியில் பார்த்த பாலம், பாலத்தின் கீழே ஓடிய ஆறு, ஆற்றைப் பற்றித் தன் தாத்தா சொன்னது என்று இழுத்தார். வணக்கத்துக்குப் பதில் முடியாமல் எழுந்தால் அவமரியாதை. புரோஸ்கோவியாவின் விரல்கள் நாற்காலிக் கையைப் பிய்த்துக்கொண்டிருந்தன. பயிற்சியில் இவ்வளவு நேரம் இருந்ததே இல்லை. இந்த ஆளின் வாயில் ஒரு மாத்தோக்கே குலையைத் திணித்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

தாத்தாவிலிருந்து கொள்ளுத்தாத்தாவுக்கு அவர் தாவியபோது ரெஸ்டி அத்தை மண்டியிட்டபடியே நிமிர்ந்தாள்.

"ஐயா, அவசரமே வேண்டாம். உங்க கொள்ளுத்தாத்தாவையும் கூட்டிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன். எங்க வீட்டுப் பொண்ணு வேணும்னு வந்தவங்க, எங்க முழங்காலோட பலத்தையும் பாத்துட்டுப் போகட்டும்!"

இரண்டு பந்தலும் சேர்ந்து சிரித்தன. பேச்சாளர் மைக்கோடு தலைக்கு மேல் கையெடுத்தார். "சுகம் அம்மா, சுகம், நாங்க எல்லாரும் சுகம்!" பெண்கள் குலவையிட்டார்கள். ரெஸ்டி அத்தை எழுந்தாள். எந்தக் கையும் தரையைத் தொடவில்லை. நேராக உள்ளே போய், டோரினைக் கைப்பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். போசா அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

புரோஸ்கோவியாவுக்குப் பெருமை பொங்கியது. இது என் நோயாளி என்று எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்த முடியாதே! அறைக்குள் பேசிய வலி அறையை விட்டு வரக் கூடாது என்பது அவள் தொழிலின் சத்தியம். பல்லைக் கடித்துக்கொண்டு, வலிக்கிற அளவுக்குக் கை தட்டினாள்.

சாப்பாட்டு நேரத்தில் ரெஸ்டி அத்தையே தட்டோடு அவர்களிடம் வந்தாள்.

"கௌடென்சியா, திமிர் பிடிச்சவன்னு நீ சொன்னதெல்லாம் என் காதுக்கு வந்துச்சு. தப்பில்ல, நான்தான் மறைச்சேன். இனிமே மறைக்கப் போறதில்ல. என் இடுப்பு விழுந்து கிடந்துச்சு. எல்லாரும் என் முழங்காலைப் பாத்தாங்க. என்ன பண்ணுதுன்னு கேட்டது இவ ஒருத்திதான்." புரோஸ்கோவியாவின் தட்டில் மாத்தோக்கேயும் கடலைக் குழம்பும் மலையாகக் குவித்துவிட்டு, அடுத்த பந்தியைப் பார்க்கப் போய்விட்டாள்.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கௌடென்சியா வெகுநேரம் சாப்பிடவில்லை. குழம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியோடு சேர்ந்து கொஞ்சம் நகர்ந்து வந்தாள்.

"டாக்டரம்மா."

"சொல்லுங்க."

"ரெண்டு வருஷமா நான் என் மாமியார் வீட்டுப் பக்கம் போறதில்ல. சண்டைன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்." கௌடென்சியாவின் கை முதுகுப் பக்கம் போய் நின்றது. "சண்டை இல்ல."

புரோஸ்கோவியா தட்டைக் கீழே வைத்தாள்.